ஆட்சேபம் எதுவும் எழவில்லை

முடிச்சூர்,
2-11-2003

தம்பி அசரியாவுக்கு,

ஸ்தோத்திரம். உனக்குக் கடிதம் எழுதி இரண்டரை வருஷம் ஆகிறது. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். நீ டெல்லியிலிருந்து போன் செய்தபோதெல்லாம் உன் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிட்டேன். அது தப்பென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. ஆனால் ஜெரூஷா விடுவதாக இல்லை. "மாமாவுக்கு நீங்க சொல்லலைன்னா நானே சொல்லுவேன்" என்று நிற்கிறாள்.

அவளுக்கு வளைகுடாவில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஏஜெண்ட் என்று யாரும் கிடையாது. நம் அரசாங்கமும் அந்த நாட்டு அரசாங்கமும் நேருக்கு நேர் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தமாம். முதல் அணியில் இருபத்தாறு பெண்கள். தாம்பரத்தில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் நாலு பேர். மேற்குத் தாம்பரம் மெஹர் பானுவின் மகள் ஷாயிஸ்தாவும் இவளும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டார்கள், சேர்ந்தே போகிறார்கள்.

இருப்பது ஒரே மகள், அவளையும் அனுப்புகிறாளே என்று நினைப்பாய். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் முடிவெடுக்கிறவள் அவள்தான். எனக்குப் பள்ளிக்கூடமும் நாலாம் வகுப்பும் இருக்கின்றன. அரசாங்கமே அழைத்துப் போகிறது என்பதுதான் எனக்கு ஒரே தைரியம். ஹில்டாவை அவள் நாத்தனார் கேட்டதாகச் சொல்.

ஜெயசீலி


புது டெல்லி,
12-11-2003

அன்புள்ள அக்கா,

1. உன் கடிதம் கிடைத்தது. கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஹில்டா அழுதுவிட்டாள். நானும்தான்.

2. ஜெரூஷா செய்தியில் எனக்குச் சந்தோஷம். அதைவிட ஆச்சரியம், அந்த ஒப்பந்தம் இப்போது என் மேஜை மேலேயே இருக்கிறது. பாராளுமன்றக் குழு ஒன்றின் செயலகத்தில் நான் வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. நம் நாட்டில் அரசாங்கம் இன்னொரு நாட்டோடு ஒப்பந்தம் போடப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. கையெழுத்தானால் முடிந்தது. அது சரிதானா என்று பிறகு யாராவது கேட்க வேண்டுமானால், எங்கள் குழு போன்ற ஒன்று கேட்டால்தான் உண்டு. இந்த ஒப்பந்தத்தை எங்கள் குழு ஆய்வுக்கு எடுத்திருக்கிறது. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், சபையில் அறிக்கை வைப்பார்கள். அந்தக் கேள்விகளைத் தயார் செய்து கொடுப்பது நான்.

3. இதுவரை படித்ததில் குறை ஒன்றும் இல்லை. எட்டுப் பக்கம். சம்பளம், விடுப்பு, தங்குமிடம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஓர் இணைப்பு மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் அமைச்சகம் கொண்டுவந்து காட்டும். இத்தனை கண் பார்க்கிற காகிதத்தில் தப்பு நடக்காது. தைரியமாக இரு.

4. அம்மா விஷயமாக எழுத ஆரம்பித்து மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

அசரியா


முடிச்சூர்,
27-11-2003

தம்பிக்கு,

அக்காவுக்கு நம்பர் போட்டுக் கடிதம் எழுதுகிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அப்படி எழுதினால் சிரிப்பார்கள்.

இருந்தாலும் உன் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். ஜெரூஷா வேலையை விடுவதா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருந்தாள். "மாமாவே பார்க்கிறாங்கன்னா அப்புறம் என்னம்மா?" என்று மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். மெஹர் பானு வீட்டில் ஷாயிஸ்தாவின் அப்பா கிபாயத்துல்லா பாய் சம்மதிக்காமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். பெருங்களத்தூரில் டயர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். உன் கடிதத்தை எடுத்துப்போய் மூன்றாவது பத்தியை வாசித்துக் காட்டினேன். மெஹர் பானு அவரைப் பார்த்து, "இன்னா இன்னும் யோசிச்சிக்கினு கீறே? அக்கா தம்பியே டெல்லில பார்க்கிறாரு. நமக்கு இன்னா பேஜாரு?" என்றாள். அவர் பாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா விஷயமாக நீ எழுத வேண்டாம். அது எழுதித் தீருகிற விஷயம் இல்லை. ஆனால் இனி போனை வைக்க மாட்டேன்.

அக்கா ஜெயசீலி


புது டெல்லி,
19-12-2003

அக்கா,

ஜெரூஷாவை இப்போது அனுப்பாதே. ஷாயிஸ்தாவையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்.

காரணத்தை எழுத முடியாது. குழுவின் அறையில் பார்த்ததையும் கேட்டதையும் அறிக்கை வெளிவருமுன் வெளியே சொன்னால் அது சபையின் உரிமையை மீறிய குற்றம். போனிலும் சொல்ல முடியாது. நான் வெளியே பேசினேன் என்று தெரிந்தால் ஆய்வே நின்றுபோகும்.

ஜனவரி 30 எங்கள் அடுத்த கூட்டம். பிப்ரவரியில் அறிக்கையைச் சபையில் வைத்துவிடுவோம். பிறகு எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அதுவரை பொறு. ஆறே வாரம்தான் அக்கா, பொறு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அசரியா


முடிச்சூர்,
29-12-2003

அசரியாவுக்கு,

பொறு என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை எனக்கு எழுத உனக்குக் கை வந்ததே.

2001 மார்ச். அம்மாவுக்கு வயிற்றில் உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அந்த வயதில் செய்யலாமா என்று எனக்குக் குழப்பம். உனக்குப் போன் போட்டேன். "பொறுக்கா, பதினோரு நாள். பட்ஜெட் தொடர்ல ஒரு இடைவெளி வருது. நானே வந்து கையெழுத்துப் போடறேன்" என்றாய். மகன் சொல்கிறானே என்று பொறுத்தேன். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டார்கள். அடக்கத்துக்கும் நீ வரவில்லை. அன்றைக்கு ஏதோ ஓட்டெடுப்பாம், யாருக்கும் லீவு கிடையாதாம். கல்லறைத் தோட்டத்தில் மண் போட ஆண் பிள்ளை இல்லாமல் ஜெரூஷாதான் முதல் பிடி போட்டாள்.

போன மாதம் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினாய். இந்த மாதம் அனுப்பாதே என்கிறாய். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாய். அவள் வேலையை விட்டாயிற்று. அந்த இடத்துக்கு வேறு பெண் வந்தாயிற்று. இப்போது பின்வாங்கினால் பட்டியலில் இவள் பெயரை அடித்துவிடுவார்கள். உன் கடிதத்தை மெஹர் பானுவிடமும் காட்டினேன். "காரணமே இல்லாம எப்படிக்கா நிறுத்துறது? அவராண்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஜெரூஷா படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமாவுக்கு எப்பவும் எதுக்காவது பயம்மா" என்றாள்.

ஜனவரி 21 விமானம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காரணம் இருந்தால் ஒரே வரியில் எழுது. நான் அவளைக் கட்டிப் போட்டாவது நிறுத்துகிறேன். இல்லையென்றால் எழுதாதே.

ஜெயசீலி


புது டெல்லி,
10-2-2004

அக்கா,

இந்த முறை நம்பர் போடவில்லை. விதியைப் பார்க்கவும் இல்லை.

மூன்று வாரம் கொடுத்தாய். ஒரு வரி கேட்டாய். நான் எழுதவில்லை. ஜனவரி 21 அன்று நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனால் போகட்டும், முப்பதாம் தேதி கூட்டத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும், அறிக்கை வந்ததும் திரும்ப வரவழைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கூட்டம் நடக்கவில்லை. தேர்தல் முன்கூட்டியே வருகிறது. பிப்ரவரி 6-ஆம் தேதி மக்களவையைக் கலைத்துவிட்டார்கள். சபை கலைந்தால் குழுவும் இல்லை. சபையில் வைக்காத அறிக்கை அதோடு செத்துப்போகும். எங்கள் கோப்பை நேற்றுக் கட்டி அலமாரியில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 18 அன்று நடந்ததைச் சொல்கிறேன். அமைச்சகத்து அதிகாரிகள் மூன்று பேர் இணைப்பைக் கொண்டுவந்தார்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குறிப்பு எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. இருபத்துமூன்று நகல்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் எண். இருபது நிமிஷம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் டீயும் சமோசாவும் வந்தன. உறுப்பினர்கள் ஏதோ கூட்டணி விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் நகல் மேல் ஒருவர் டீக் கோப்பையை வைத்திருந்தார். நகல்களை எண்ணித் திரும்ப வாங்குவது என் வேலை. வாங்கும்போது நின்றுகொண்டே படித்தேன். நான் பார்த்தவரை அந்த அறையில் அதைக் கடைசி வரை படித்தவன் நான் ஒருவன்தான்.

மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில் இருந்தது இது. பணியாளர்களின் பணியிடம் அந்த நாட்டின் எல்லைக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டியதில்லை. மருத்துவ உதவி தருவதாக அந்த அரசு ஒப்புக்கொண்ட வேறு எந்த இடத்துக்கும் அவர்களை அனுப்பலாம். அதற்குப் பணியாளரின் தனிச் சம்மதம் வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்தால் இரு அரசுகளும் பேசிக்கொள்ளும், எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அந்த நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டையை நீ தினமும் டிவியில் பார்க்கிறாய்.

கூட்டம் நடக்கும்போது ஊழியன் வாய் திறக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் சீட்டு எழுதித் தலைவர் முன்னால் வைக்கலாம். வைத்தேன். "பணியிடம் பற்றிய பகுதி ஆபத்தானது, உறுப்பினர்கள் பார்க்க வேண்டும்" என்று எழுதினேன். அவர் படித்தார். நாலாக மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்று காதோடு சொன்னார். நான் நகல்களை எண்ணினேன், இருபத்துமூன்றும் சரியாக இருந்தது. வழக்கம்போல் கூட்டக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதுதான் நீ கேட்ட ஒரு வரி.

அசரியா


முடிச்சூர்,
7-3-2004

அசரியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு மாவுச் சல்லடைக்குக் கீழே ஒளித்துவைத்தேன். யாரிடமும் காட்டவில்லை. மெஹர் பானுவிடம் என்னவென்று காட்டுவது?

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது ஜெரூஷா திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயாக்கும். உன்னைத் திட்ட எனக்கு வார்த்தை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஆனால் அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரி, தரையில் முகம் தெரிகிறதாம். நாலு பேருக்கு ஓர் அறை. ஷாயிஸ்தா அறைக்குள் திருட்டுத்தனமாக மீன் குழம்பு வைத்து வாசனையில் மாட்டிக்கொண்டாளாம். சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறாள். நீ நகலை எண்ணுகிற அவசரத்தில் தப்பாகப் படித்திருக்கலாம் இல்லையா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன்.

போன வாரக் கடிதத்தில் மட்டும் கடைசியில் இரண்டு வரி. பாஸ்போர்ட்டை எல்லாரிடமும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கல்யாணம் ஆகாதவர்கள் பெயரை மட்டும் தனியாக ஒரு பட்டியல் எடுத்தார்களாம். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

ஜெயசீலி


புது டெல்லி,
18-4-2004

அக்கா,

தப்பாகப் படிக்கவில்லை.

பட்டியல் எதற்கென்று அமைச்சகத்தில் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். அன்று இணைப்பைக் கொண்டுவந்த மூவரில் ஒருவர். அவர் சிரித்துக்கொண்டே, "குழுதான் இப்போது இல்லையே அசரியா, நீங்கள் யார் சார்பில் கேட்கிறீர்கள்?" என்றார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை முற்றிவிட்டது. பேப்பரைப் பார்த்திருப்பாய். ஜெரூஷாவை எப்படியாவது போனில் பிடி. வேறு ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லி பஸ்ஸில் ஏறச் சொன்னால் ஏற வேண்டாம் என்று சொல். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளட்டும். நம் தூதரகத்தின் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இதைக் கடிதத்தில் எழுதாதே, போனில் சொல்.

அசரியா


முடிச்சூர்,
13-6-2004

தம்பி,

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த பெண் ஒவ்வொரு தடவையும் "டியூட்டியில் இருக்கிறாள்" என்றாள். தூதரகத்தில் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஒன்றரை மாதமாகக் கடிதமும் இல்லை. மே மாதம் நான் எழுதியது நேற்றுத் திரும்பி வந்தது. இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று கவரின் மேல் முத்திரை.

இன்று அவள் கடிதம் வந்திருக்கிறது. ஊருக்கு லீவில் வந்த ஒரு டிரைவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கொச்சியில் தபாலில் போட்டிருக்கிறார். அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலையில் பஸ் வந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். ஒன்றரை நாள் போனோம். நடுவில் ஓர் இடத்தில் ரொம்ப நேரம் நிறுத்தினார்கள். யாரும் எங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிடச் சொன்னார்கள். இங்கே கட்டடம் இல்லை, எல்லாம் கூடாரம். வீட்டுக்கு எழுதினால் பழைய முகவரியைத்தான் போட வேண்டுமாம். சத்தம் கேட்டால் நோயாளியை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஊசியோடு எப்படிம்மா போவது? நான் போவதில்லை. ஷாயிஸ்தா பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுகிறாள். மாமா ஏன் பொறு என்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள்."

கேட்டிருக்கிறாள், பார். நான் என்ன எழுத? எங்கே எழுத?

மெஹர் பானு வீட்டுக்கு உன் பிப்ரவரிக் கடிதத்தையும் இதையும் எடுத்துக்கொண்டு போனேன். முழுக்க வாசித்தேன். கிபாயத்துல்லா பாய் எழுந்து உள்ளே போய்விட்டார். மெஹர் பானு, "நாலு மாசமா இத்த வச்சிக்கினு என் வூட்ல உக்காந்து டீ குடிச்சியாக்கா?" என்றாள். குடித்தேன் தம்பி. உன் காரணத்தை நானும்தானே மறைத்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே அம்மாவின் பிள்ளைகள்தான்.

புதுச் சபை வந்துவிட்டது. உன் குழு திரும்பவும் வருமா? வந்தால் அவள் கடிதத்தை அங்கே வை. அதற்காகத்தான் நகல் எடுத்து இதோடு அனுப்புகிறேன்.

ஜெயசீலி


புது டெல்லி,
26-8-2004

அக்கா,

இந்த மாதம்தான் குழுவை அமைத்தார்கள். புதுத் தலைவர், பெரும்பாலும் புது உறுப்பினர்கள். பழைய ஆய்வைத் திரும்ப எடுக்கச் சொல்லி நான் குறிப்பு வைத்தேன். ஒப்புக்கொண்டார்கள். பழைய தலைவர் தேர்தலில் தோற்று ஊருக்குப் போய்விட்டார். போனில் பிடித்து அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்தச் சீட்டு?" என்றார். பொய் சொன்ன மாதிரி இல்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

இன்று காலை கூட்டம். அமைச்சகத்தின் பதில் இரண்டு பக்கம்தான். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, பணியாளர்கள் நலம், புகார் எதுவும் இல்லை. பிறகு இந்த வரி: "இணைப்பு முந்தைய குழுவுக்கு முழுமையாகக் காட்டப்பட்டது. குழு ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. அதன் கூட்டக் குறிப்பே சான்று." அந்தக் குறிப்பின் நகலையும் பின்னால் வைத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் உனக்கு எல்லாம் எழுதினேன், இதை எழுதவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது நான். "உறுப்பினர்கள் இணைப்பைப் பார்வையிட்டனர். ஆட்சேபம் எதுவும் எழவில்லை." யாரும் ஒன்றும் பேசாவிட்டால் இப்படி முடிப்பது வழக்கம். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அன்றும் கை தானாக எழுதியது. சீட்டை எழுதிய அதே பேனா. காட்டினோம், அவர்கள் பார்த்தார்கள், சரி என்றார்கள் என்று சொல்ல அவர்களுக்கு வேண்டியிருந்த ஒரே காகிதத்தை உன் தம்பி தயார் செய்து கொடுத்தான்.

நான் எழுந்து நின்றேன் அக்கா. ஊழியன் எழுந்து நின்றதை அந்த அறை பார்த்ததில்லை போல. எல்லாரும் திரும்பினார்கள். "ஆட்சேபம் இருந்தது. அதை நான்தான் எழுதவில்லை" என்றேன். ஜெரூஷாவின் கடிதத்தை எடுத்து, பஸ் வந்த இடத்திலிருந்து வாசித்தேன். திரையை இழுத்துவிடச் சொன்ன வரி வரைக்கும் வந்தேன். தலைவர் மேஜையைத் தட்டினார். ஊழியர் பேசியது குறிப்பில் சேராது என்று உத்தரவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஓர் உறுப்பினர் மட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். மதியம் என்னை நீண்ட விடுப்பில் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஒன்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். வெளியே வரும்போது அமைச்சக அதிகாரி, அன்று சிரித்தவர், என் பக்கத்தில் வந்தார். "அந்த நர்ஸ் உங்களுக்கு என்ன உறவு? முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார். உதவி செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டு போன பிறகுதான், அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று எனக்குப் பட்டது.

அசரியா


முடிச்சூர்,
12-9-2004

தம்பி அசரியாவுக்கு,

ஒன்பது நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். போன் மணி அடித்தது. ஜெரூஷா. யாரோ ஒரு சிப்பாயின் போனை இரண்டு நிமிஷத்துக்குக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் குரல். அழக்கூட எனக்கு நேரம் இல்லை.

"அம்மா, ஒரு பேப்பர் கொண்டுவந்திருக்காங்க. நாங்களா விருப்பப்பட்டுத்தான் இங்க வந்தோம்னு எழுதியிருக்கு. போன டிசம்பர் தேதி போட்டிருக்காங்க. அப்போ நான் உங்ககூட வீட்ல இருந்தேனேம்மா. கையெழுத்துப் போட்டவங்களை முதல்ல பஸ்ல ஊருக்கு அனுப்புவாங்களாம். எல்லாரும் போட்டுட்டாங்க. ஷாயிஸ்தா போட்டுட்டா. என்கிட்ட மட்டும் மூணு தடவை வந்துட்டாங்க. என் பேரைக் கரெக்டா சொல்லிக் கேட்கிறாங்க. போடட்டுமா?"

போட்டுவிட்டு ஓடி வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் மாமா ஏன் பொறு என்றார்கள் என்று அவள் கேட்டிருந்தாளே, அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவே முடியவில்லையே. அதனால் முதலில் அதைச் சொன்னேன். ஆட்சேபம் எதுவும் எழவில்லை என்று கூட்டக் குறிப்பில் நீ எழுதிய அந்தக் கடைசி வரியைச் சொன்னேன். அதை வைத்துத்தான் உங்கள் எல்லாரையும் அங்கே வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்போ நான் போட மாட்டேன்மா" என்றாள். அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். "நானும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் யார்தான் சொல்லுறது, மாமாகிட்ட சொல்லுங்க" என்றாள். நான் "ஜெரூ, போட்டுடும்மா" என்று கத்தினேன். அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. லைன் அறுந்துவிட்டது.

நேற்று மீனம்பாக்கத்தில் இருபத்தைந்து பேர் வந்து இறங்கினார்கள். நான் காலையிலேயே போய் நின்றேன். ஷாயிஸ்தா வந்தாள், மெலிந்து கறுத்துப்போய். மெஹர் பானு அவளை இழுத்து அணைத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. மாடம்பாக்கத்துப் பெண் சாவித்ரி மட்டும் என்னிடம் வந்தாள். "பஸ் கிளம்பும்போது ஜெரூஷா கூடார வாசல்ல நின்னா ஆன்ட்டி. பக்கத்துல ரெண்டு பேர் நின்னாங்க" என்றாள். யார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதற்குப் பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை.

நீ வாய் திறந்தது தப்பென்று நான் எழுதப்போவதில்லை. திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை, அதைத்தான் என் உயிர் இருக்கிறவரை சொல்வேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உனக்குத்தான் விடுப்பு கொடுத்துவிட்டார்களே. கிடைக்கிற ரயிலில் ஏறு. சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வா. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, காலை எட்டரையிலிருந்து நாலரை வரை வீட்டில் ஆள் இல்லை. அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க யாரும் இல்லை. நீ வந்து அதன் பக்கத்தில் உட்கார். மணி அடித்தால் நீதான் எடுக்க வேண்டும். போடட்டுமா என்று அவள் மறுபடியும் கேட்டால், என்ன சொல்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அம்மாவின் கட்டிலைக் கூடத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
ஜெயசீலி